கை மரத்துப்போகிறது, தையலை விட மனசில்லை

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்கிறேன். எம்.சி. ரோட்டில் எடுத்த துணியில் பேத்திக்குப் பாவாடை பாதி தைத்தாயிற்று. ராத்திரி மூன்று மணிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து எழுப்பிவிடுகின்றன. சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. உதறினால் சரியாகிறது. மருமகள், "மெஷினை மூடுங்க அத்தை" என்கிறாள். மூடிவிட்டு சீரியலா பார்ப்பது?

பதில்: அக்கா, எனக்கும் இதேதான். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. கார்பல் டனல் என்பார்கள். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் வரும், ரத்தம் பாருங்கள். மணிக்கட்டு மடங்காமல் பட்டை போட்டுத்தான் தூங்குகிறேன்.

பதில்: குரோஷா ஊசியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன். பிடி தடித்ததும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

கேட்டவர்: சொல்ல வெட்கம், தைராய்டு மாத்திரையை ஒரு மாதமாக விட்டுவிட்டேன். நாளை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அப்புறம், பாவாடைக்கு நாடா மட்டும்தான் பாக்கி.