அடிமை விடுதலைச் சட்டங்களில் எது முந்தியது?

நண்பர்களே, எபிரெய வேதத்தின் சட்டங்களை ஒப்பிட்டுப் படித்து வருகிறேன். யாத்திராகமம் 21இன்படி எபிரெய அடிமை ஏழாம் ஆண்டில் விடுதலையாகிறான். அடிமையாக விற்கப்பட்ட மகளுக்கு அது பொருந்தாது. உபாகமம் 15 பெண்ணையும் சேர்த்துக்கொண்டு, வெறுங்கையாய் அனுப்பாதே, மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் திராட்சை ஆலையிலிருந்தும் கொடு என்கிறது. இது பழைய சட்டத்தின் திருத்தம் என்றே எனக்குப் படுகிறது. விடுதலை வேண்டாம் என்னும் அடிமைக்குக் காது குத்தும் சடங்குகூட இரண்டிலும் இருக்கிறதே!

லேவியராகமம் 25தான் குழப்புகிறது. அடிமைக்கு ஏழாம் ஆண்டில் விடுதலை என்ற பேச்சே இல்லை. யூபிலி ஆண்டுவரை, அதாவது ஐம்பதாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். இஸ்ரவேலனை அடிமையாக நடத்தவே கூடாது என்றும் சொல்கிறது. இது உபாகமத்துக்குப் பின் வந்த மறுமொழியா, அதற்கு முந்தியதா? லேவியராகம ஆய்வாளர் ஜேக்கப் மில்குரோம் முந்தியது என்கிறார், மறுப்பவர்களும் உண்டு. அடிமை விடுதலையைப் பேசும் எரேமியா 34 உபாகமத்தின் சட்டத்தையே நினைவூட்டுவது இதில் சான்றாகுமா? படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.