தவலையில் வெட்டியிருந்த பெயர்

கும்பகோணத்திலிருந்து:

பழைய சாமான் ஏலத்துக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் போனது ஒரு பத்தாயத்துக்காக, நெல் கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு தவலையும், கிணற்றில் விழுந்ததை எடுக்கும் கொக்கியான ஒரு பாதாளக்கரண்டியும்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய கிராமம். இரண்டு கட்டு ஓட்டு வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பின்கட்டு சரிந்துவிட்டது. அண்ணன் தம்பி நாலு பேரில் ஒருவரும் ஊரில் இல்லை. மறு வருஷம் சித்திரையில், வீட்டை இடிப்பதற்கு முன்னால் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்க முன்னதாகக் கட்டும் டேவணி 2,000 ரூபாய்.

முதல் நாளே பார்வையிட விட்டார்கள். ஏலத்துக்குப் போகிறவர்கள் அந்த ஒரு நாளைத் தவறவிடவே கூடாது. பத்தாயத்தை டார்ச் அடித்து உள்ளும் புறமும் பார்த்தேன். முன்பக்கப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காடியில், அதாவது மரத்தில் வெட்டிய பள்ளத்தில், இறங்கும் வகை. அடியில் நெல் தள்ளுவதற்குச் சின்ன வாய். எந்தப் பலகை எந்த வரிசையில் இறங்கவேண்டும் என்று தச்சர் உளியால் எண் போட்டிருந்தார், ௧ முதல் ௯ வரை, தமிழ் எண்ணில். பலகையின் உள்பக்கம் வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) செதுக்கிய அலை கைக்குத் தட்டுப்பட்டது. புது மரத்தைப் பெர்மாங்கனேட் கரைசல் பூசிக் கறுப்பாக்கிப் பழசு என்று விற்பவர்கள் உண்டு. ஆனால் உள்பக்கத்தை அப்படிச் செதுக்கிவைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. உளுத்த மாவு உதிர்ந்திருக்கிறதா என்று அடியிலும் தடவிப் பார்த்தேன். இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பிடித்துப்போயிற்று.

ஏலத்தன்று நடந்தது வேறு. வெளியூர் வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கேட்டால் மற்றவர் வாயே திறக்கவில்லை. ஊஞ்சல் பலகை, தேக்கு அலமாரி, மரக்கால், படி எல்லாம் அடிமாட்டு விலைக்கு ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று போய்க்கொண்டே இருந்தன. இதைத்தான் சிண்டிகேட் என்பது. வெளியே போய்த் தங்களுக்குள் மறுபடி ஏலம் போட்டு, கூடுதலாக வரும் பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் முழுக்க வீட்டுக்காரருக்கு. பத்தாயத்துக்கு நான் வாயைத் திறந்ததும் விலை ஏறியது. 40,000 தாண்டியதும் விட்டுவிட்டேன். இன்றும் மனசு ஆறவில்லை.

பாத்திரங்களைக் கடைசியில் எடைக்கு விட்டார்கள். அண்டா, கொப்பரை, சொம்பு எல்லாம் முற்றத்தில் குவியலாகக் கிடந்தன. பெரிய தவலை ஒன்றைத் திருப்பினேன். கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. ஒரு பெண்ணின் பெயர், அவர் பிறந்த ஊர், ‘ரௌத்திரி வருஷம்’. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், ரௌத்திரி என்றால் 1920 ஆகவும் இருக்கலாம், 1980 ஆகவும் இருக்கலாம். உடம்பு முழுக்கச் சுத்தியல் தட்டிய தடம் தெரிந்தது. இருந்தாலும் அதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயதிருக்கும். அண்ணன் தம்பிகளின் தாயார். தவலையை அவரிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

“எங்க மாமியார் சீர் தம்பி அது. அவங்க பேருதான். அந்த ஒடுக்கு இருக்கு பாருங்க, அது என் கையால வந்தது. கல்யாணமாகி வந்த புதுசுல கயிறு நழுவி கெணத்துக்குள்ள போயிடுச்சு. பாதாளக்கரண்டி போட்டு எடுத்தாங்க. மாமியார் ஒரு வார்த்தை சொல்லல.”

அப்படியானால் 1920 தான். பாதாளக்கரண்டி எங்கே என்று கேட்டேன். இரும்புக் குவியலைக் கை காட்டினார். இரண்டையும் எடுத்தேன். தவலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். “மகன் வீடு மூணாவது மாடி. நீங்க கொண்டு போங்க, பேரை மட்டும் தேச்சுடாதீங்க” என்றார்.

எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். பொருளை எடுக்கும்போது எந்த ஊர், யார் வீடு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். லாரியில் ஏறிவிட்டால் அப்புறம் கேட்பதற்கு ஆள் கிடைக்காது.

திருவாரூரிலிருந்து:

எனக்குக் கேட்காமல் விட்ட அனுபவம். ஓர் ஏலத்தில் அன்சோனியா என்ற கம்பெனியின் சுவர்க்கடிகாரம் எடுத்தேன். “1935 மாடல், வீட்டுக்காரர் புதுசாக வாங்கியது” என்று சொல்லி விட்டார்கள். நானும் அப்படியே நம்பினேன். அமெரிக்காவின் அந்தக் கம்பெனி 1929-இலேயே தன் இயந்திரங்களைச் சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ரிப்பேர்க்காரர் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். பழைய திருகாணி ஓட்டைகள் நாலு சும்மா கிடந்தன, இயந்திரம் வேறு ஓட்டைகளில் மாட்டியிருந்தது. கூடும் முகப்பும் ஒன்று, உள்ளே ஓடுவது வேறொன்று. மணி இனிமையாகத்தான் அடிக்கிறது. ஆனால் ஓட்டை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? அதைச் செய்யாமல் விட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து:

கதவு, நிலை, தூண் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972-இல் வந்து, 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 100 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்துப் பாகத்தைப் பெயர்த்து எடுத்தால் அதுவும் தொல்பொருள் கணக்கில் வரலாம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு நிலைக்கதவு ஒன்றை அனுப்ப நினைத்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயது குறைந்த பொருளாக இருந்தால் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்று சான்று வாங்கலாம். கதவு இப்போது எங்கள் வீட்டுப் பூஜை அறையில் நிற்கிறது.

சாமி சிலை எதுவாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். நம் திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூர்க் கோயில் நடராஜர் கடத்தப்பட்டு லண்டன் வரை போய், நீதிமன்றத்தில் வழக்காடி, 1991-இல்தான் திரும்பி வந்தார்.

மறுபடியும் கும்பகோணத்திலிருந்து:

கடிகாரக் கதையைப் படித்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹொரஸ் வால்போல் என்ற எழுத்தாளர், கருங்காலி நாற்காலிகளை டியூடர் மன்னர்கள் காலத்து ஆங்கிலேய வேலைப்பாடு என்று நம்பித் தேடித் தேடிச் சேர்த்தார். அவை 17-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் செய்தவை. 1842-இல் அவர் மாளிகைச் சாமான்களை 24 நாள் ஏலம் விட்டார்கள். அந்த நாற்காலிகளுக்கு உளி பிடித்த தச்சரின் ஊர்கூட நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

தவலைக்குள் ஓர் அட்டை எழுதிப் போட்டிருக்கிறேன். பெயர், ஊர், வருஷம், கிணற்றில் விழுந்த கதை எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பத்தாயம் இப்போது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையிலோ கடையிலோ, ஒன்பது பலகையில் ௧ முதல் ௯ வரை உளியால் போட்ட பத்தாயத்தைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். அது எந்த ஊர், யார் வீட்டு நெல் கிடந்தது என்று வைத்திருப்பவருக்கு நான் சொல்கிறேன்.