பொருள்: ‘விரிவாக்கம்’ வேண்டாம், ‘சேர்க்கை’ போதும்: ஐரோப்பிய ஒன்றியக் கலைச்சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய நாடுகள் சேர்வதற்கு ‘விரிவாக்கம்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று இந்த இழையில் பலர் எழுதியிருக்கிறீர்கள். நாளேடுகளில் அது நன்றாக வேரூன்றிவிட்டது, சரி. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

விரிவாக்கம் என்றதும் உள்ளே இருப்பவர் தம் எல்லையை வெளியே தள்ளுகிறார் என்ற பொருள்தான் முதலில் தோன்றுகிறது. இங்கே முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது வெளியே இருக்கும் நாடு. ஒன்றிய உடன்படிக்கையின் 49ஆம் பிரிவின்படி அந்த நாடுதான் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு உறுப்பு நாடுகள் ஒருமனதாக இசைய வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒப்புதல் தர வேண்டும். கடைசியில் சேர்க்கை உடன்படிக்கைக்கு ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஏற்பளிக்க வேண்டும்.

நிலப்பரப்பு கூடுவதும் உறுப்பினர் கூடுவதும் ஒன்றல்ல என்பதற்கு அந்த ஒன்றியத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1990இல் கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியோடு ஒன்றானபோது ஒன்றியத்தின் முன்னோடியான அன்றைய ஐரோப்பியச் சமூகத்தின் பரப்பு கூடியது. உறுப்பு நாடுகள் 12 ஆகவே இருந்தன. 1985இல் டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்து வெளியேறியபோது பரப்பு வெகுவாகச் சுருங்கியது. டென்மார்க் உறுப்பினராகவே நீடித்ததால் எண்ணிக்கை குறையவில்லை. ‘விரிவாக்கம்’ என்று சொன்னால் 1990இல் நடந்ததும், பத்து நாடுகள் ஒரே நாளில் சேர்ந்த 2004ஆம் ஆண்டு நிகழ்வும் ஒரே கணக்கில் வந்துவிடும்.

‘இணைப்பு’ என்ற பரிந்துரை இன்னும் சிக்கலானது. 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பறித்துக்கொண்டதையும் நாம் ‘இணைப்பு’ என்றுதான் எழுதுகிறோம். ஒரே செய்தியில் கிரிமியா இணைப்பு என்றும், அடுத்த பத்தியில் உக்ரைன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைப்பு என்றும் எழுதினால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? பறித்துக்கொண்டதற்கும் கேட்டுச் சேர்வதற்கும் ஒரே சொல் கூடாது.

ஆகவே என் பரிந்துரை ‘சேர்க்கை’. கல்லூரிச் சேர்க்கையில் இருக்கும் முறைமை அத்தனையும் இங்கே உண்டு: விண்ணப்பம், தகுதி, பரிசீலனை, இடம் தருவோரின் இசைவு. தகுதிகளை 1993இல் கோபன்ஹேகன் உச்சி மாநாடு வகுத்தது. மக்களாட்சியும் சட்டத்தின் ஆட்சியும் நிலைபெற்றிருக்க வேண்டும், சந்தைப் பொருளாதாரம் இயங்க வேண்டும், ஒன்றியச் சட்டங்களை ஏற்று நடத்தும் வலிமை வேண்டும். பேச்சுவழக்கில் ‘சேர்க்கை சரியில்லை’ என்று சொல்வதோடு குழம்புமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘உறுப்பு நாட்டுச் சேர்க்கை’ என்று முழுதாக எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

ஒன்றியம் செய்வது சேர்க்கை, நாடு செய்வது சேர்வு என்று பிரித்தும் வைத்துக்கொள்ளலாம். நார்வேக்கு இந்தப் பிரிப்பு தேவைப்படுகிறது. 1972இலும் 1994இலும் உடன்படிக்கையில் கையெழுத்தான பிறகு நார்வே மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்கள். சேர்க்கைக்கு ஒன்றியம் இசைந்தது, சேர்வு நடக்கவில்லை.

‘வேட்பாளர் நாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அப்படியே விடலாம். ஆனால் விண்ணப்பித்த நாடுகளையெல்லாம் அப்படிச் சொல்லக் கூடாது, அது ஒன்றியம் வழங்கும் தகுநிலை. செர்பியாவிலிருந்து பிரிந்து விடுதலை அறிவித்த கொசோவோ 2022 டிசம்பரில் விண்ணப்பித்தது. உறுப்பு நாடுகளில் ஐந்து அதை நாடாகவே ஏற்காத நிலையில் அந்தத் தகுநிலை எளிதில் கிடைக்காது. தகுநிலை கிடைத்தாலும் காத்திருப்பு முடிவதில்லை. வட மாசிடோனியாவுக்கு 2005இலேயே கிடைத்தது. தன் நாட்டிலும் மாசிடோனியா என்ற பகுதி இருப்பதால், அந்நாட்டின் அன்றைய ‘மாசிடோனியா’ என்ற பெயரை எதிர்த்து கிரேக்கம் தடுத்தது. 2019இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு பிரான்ஸ் தடுத்தது, அடுத்த ஆண்டு மொழியையும் வரலாற்றையும் காட்டி பல்கேரியா தடுத்தது. பேச்சுவார்த்தை 2022 ஜூலையில்தான் தொடங்கியது. சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்த ஒரு நாட்டை இப்படி நிறுத்தி வைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. ‘விரிவாக்கம்’ என்ற சொல்லுக்குள் இந்தக் காத்திருப்பு தெரியவே தெரியாது.

அடுத்து, ஒன்றியம் தன்னைச் சுற்றியுள்ள நாடுகளோடு உறவு பேண வகுத்த கொள்கையின் பெயர். ‘அயலகக் கொள்கை’ வேண்டாம். தமிழ்நாட்டில் ‘அயலகத் தமிழர்’ என்ற அரசு வழக்கு வந்த பிறகு அயலகம் என்றால் கடல் கடந்த நாடு என்றே ஆகிவிட்டது. ‘அண்டை நாட்டுக் கொள்கை’யிலும் குறை உண்டு. 2004இல் வகுத்த அந்தக் கொள்கைக்குள் மொராக்கோ முதல் சிரியா வரை தெற்கே பத்து, பெலாரஸ் முதல் அஜர்பைஜான் வரை கிழக்கே ஆறு, ஆக 16 நாடுகள் வந்தன. அண்டையில் இருந்தும் சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அதில் இல்லை. ரஷ்யா வர மறுத்தது. குறிப்பிட்ட ஒரு பகுதியைச் சுட்டுவதால் ‘அண்டை வட்டாரக் கொள்கை’ பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு நாடு அந்தக் கொள்கையில் இடம்பெறுவது சேர்க்கைக்கான வாக்குறுதி ஆகாது. ஐரோப்பிய நாடு அல்ல என்று 1987இல் மறுக்கப்பட்ட மொராக்கோ இதில் இருக்கிறது. உக்ரைனும் மால்டோவாவும் இதில் இருந்துதான் 2022இல் வேட்பாளர் நாடுகள் ஆயின.

சேர்க்கைப் பேச்சுவார்த்தையில் 35 அத்தியாயங்களாகப் பிரித்துப் பேசும் ஒன்றியச் சட்டங்களின் முழுத் தொகுப்புக்கு ‘ஒன்றியச் சட்டத் திரட்டு’ என்று வைக்கலாம். அத்தியாயத்தை ‘அதிகாரம்’ ஆக்க வேண்டாம், ஆட்சி அதிகாரத்தோடு கலந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. புதியவர்களைச் சேர்த்த பிறகும் முடிவெடுக்கும் வேகமும் நிதியும் குலையாமல் ஒன்றியம் தாங்குமா என்று பேசுகிறார்களே, அந்தத் திறனுக்கு ‘ஏற்புத்திறன்’ சரிவருமா, ‘தாங்குதிறன்’ சரிவருமா? உடன்படிக்கைக்கு ஏற்பளிப்பு என்று எழுதுவதால் முன்னது இடிக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.