ருவாண்டாவின் ஆர்.டி.எல்.எம். வானொலி: ஒரே வருடத்தில் எப்படி?

கேள்வி: இளம்பரிதி

இதழியல் முதுகலை படிக்கிறேன். 1994இல் ருவாண்டாவில் பெரும்பான்மை ஹூட்டு இனத் தீவிரவாதிகள் சிறுபான்மை டுட்ஸி மக்களைக் கொன்றுகுவித்த இனப்படுகொலையைத் தூண்டியது ஆர்.டி.எல்.எம். வானொலி. வெறுப்புப் பிரச்சாரம் பற்றிய பாடத்தில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கி முடித்துவிட்டார்கள். 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கி 1994 ஜூலைக் கடைசியில் அடங்கிப்போன நிலையம். மொத்தமே ஒரு வருடம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரனை வெட்டும் அளவுக்கு ஜனங்களைக் கொண்டுபோக ஒரு ரேடியோவால் முடியுமா? முடிந்தது என்றால் எப்படி? உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது அதை ஏன் யாரும் நிறுத்தவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தேன்மொழி

தம்பி, நான் வானொலியில் நிகழ்ச்சி நடத்தியே காலம் கழித்தவள். அந்த நிலையத்தின் ஒலிபரப்புப் பதிவுகள் எழுத்தில் கிடைக்கின்றன. அவற்றை ஒரு அறிவிப்பாளராகத்தான் படித்தேன். படித்தபோது என்னை உலுக்கியது கடைசி மாதங்களின் கொலைவெறிப் பேச்சு மட்டுமல்ல. தொடக்கத்தில் அந்த நிலையம் எவ்வளவு நன்றாக நடத்தப்பட்டது என்பதும்தான்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். 1992 மார்ச்சில் அரசு வானொலியான ரேடியோ ருவாண்டா ஒரு போலி அறிக்கையை வாசித்தது. ஹூட்டு தலைவர்களைக் கொல்லச் சதி நடப்பதாக அதில் இருந்தது. புகேசேரா பகுதியில் டுட்ஸி மக்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது அரசு ஊடக நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஃபெர்டினாண்ட் நஹிமானா, வரலாற்றுப் பேராசிரியர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவருக்குப் பதவி போனது. எதிர்க்கட்சிகளும் ஆட்சியில் பங்கு பெற்றிருந்த நேரம் அது. அரசு வானொலி இனி நம் சொல்படி ஆடாது என்று ஹூட்டு தீவிரவாதிகளுக்குப் புரிந்துவிட்டது. டுட்ஸிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையான ஆர்.பி.எஃப்.புக்கோ ரேடியோ முஹாபுரா என்று சொந்த நிலையமே இருந்தது. சரி, நாமும் தனியாக ஒன்று தொடங்குவோம் என்று நஹிமானாவும் சேர்ந்து கிளம்பினார்கள். பங்குகள் விற்றுக் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள். அதிபர் ஹப்யாரிமானாவும் பங்குதாரர். பணக்காரத் தொழிலதிபர் ஃபெலிசியன் கபுகா தலைவர். ‘ஆயிரம் குன்றுகளின் சுதந்திர வானொலி-தொலைக்காட்சி’ என்று பெயர். தொலைக்காட்சி கடைசிவரை வரவேயில்லை.

இனி அறிவிப்பாளராக நான் கவனித்ததைச் சொல்கிறேன். ரேடியோ ருவாண்டாவில் அமைச்சர் உரை, பதவி நியமனம், இரங்கல் அறிவிப்பு என்று எல்லாம் விறைப்பாக இருக்கும். ஆர்.டி.எல்.எம்.மில் காங்கோ பாட்டு, கிசுகிசு, கேலி, கின்யர்வாண்டா மொழியின் தெருப் பேச்சு. கன்டானோ ஹபிமானா என்ற அறிவிப்பாளர் நண்பர்களோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பதுபோலப் பேசுவார். கேட்பவர்கள் தொலைபேசியில் அழைத்து ஊர்ச் செய்தி சொல்லலாம். அதுவரை வானொலி என்றால் மேலிருந்து கீழே பேசுவது என்றிருந்த நாட்டில், அது முதல்தடவையாக அவர்களோடு பேசியது. ஆர்.பி.எஃப். வீரர்கள்கூடத் தங்கள் சொந்த வானொலியை விட்டுவிட்டு இதைக் கேட்டார்கள் என்று பதிவுகள் உண்டு. என் தொழிலில் கேட்பவரின் நம்பிக்கையைச் சம்பாதிக்கத் தெரிந்தவர்களே நல்ல அறிவிப்பாளர்கள். இவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

1993 அக்டோபரில் பக்கத்து நாடான புருண்டியின் அதிபர் என்டடாயே கொல்லப்பட்டார். அவர் ஹூட்டு, கொன்றவர்கள் டுட்ஸி ராணுவத்தினர். அதுமுதல் நிலையத்தின் தொனி வெளிப்படையாக மாறியது. அவரைச் சித்திரவதை செய்ததாக நடக்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். டுட்ஸிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைப்பது அன்றாடப் பேச்சானது. பாட்டு நிற்கவில்லை, கேலி நிற்கவில்லை. அவற்றுக்கு நடுவில் இதுவும் வந்தது.

1994 ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் இறந்தார், இனப்படுகொலை தொடங்கியது. அதன் பிறகு அந்த நிலையம் கொலைகாரர்களின் தகவல் மையமாகவே வேலை செய்தது. ஆட்களின் பெயர், வீடு இருக்கும் தெரு, கார் எண், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது வரை வாசித்தார்கள். சாலைத் தடுப்புகளில் நின்ற, ஆளுங்கட்சியின் ஆயுதக் குழுவான இன்டரஹாம்வே கும்பல்கள் ட்ரான்சிஸ்டரைப் பக்கத்திலேயே வைத்திருந்தன. ஜூன் 4 அன்று கன்டானோ பேசியது, பின்னால் நிலையத்தாரை விசாரித்த நீதிமன்றத்தின் தீர்ப்பில் அப்படியே இருக்கிறது. லட்சம் இளைஞர்கள் உடனே திரள வேண்டும் என்கிறார். எதிரியை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு ஆளின் உயரத்தைப் பார், முகத்தைப் பார், அந்தச் சின்ன மூக்கைப் பார்த்து உடை என்கிறார். அதே அரட்டைக் குரல். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

பதில்: சீனிவாசன்

தேன்மொழி அம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பழியையும் ரேடியோ தலையில் கட்டினால் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். ஆர்.டி.எல்.எம்.முக்கு இருந்தவை இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். தலைநகர் கிகாலியில் இருந்தது 100 வாட். முஹே மலையில் இருந்தது 1000 வாட். குன்றும் பள்ளமுமான நாட்டில் எஃப்.எம். அலை எத்தனை ஊர்களுக்கு எட்டும்? அலை எட்டாத ஊர்களிலும் கொலை நடந்தது. ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர் சிறையில் இருந்த குற்றவாளிகளை நேரில் கண்டு பேசினார். பெரும்பாலானவர்கள், ஊர் அதிகாரியோ கும்பலோ வீடு தேடி வந்து அழைத்ததால் போனோம் என்றார்கள், ரேடியோவைச் சொல்லவில்லை. டேவிட் யனகிசாவா-டிராட் அலை எட்டிய ஊர்களையும் எட்டாத ஊர்களையும் ஒப்பிட்டு, மொத்த வன்முறையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த வானொலியால் வந்தது என்று கணக்கிட்டார். மீதி ஒன்பது பங்குக்கு ராணுவம், நிர்வாகம், கட்சி, கும்பல் எல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: தேன்மொழி

சீனிவாசன் சார், நீங்கள் சொன்னது நியாயம், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதே ஆய்வின்படி அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது சுமார் 51,000 குற்றவாளிகள். வீடு தேடி வந்து அழைத்த அந்த ஊர் அதிகாரி எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தயங்கிய அதிகாரிகளையும் அந்த நிலையம் பெயர் சொல்லித் திட்டியது. கேட்காதவன் வரைக்கும் அந்தப் பேச்சு கேட்டவன் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

பதில்: அலைவரிசை ரகு

ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு மட்டும் சொல்கிறேன். தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை. எஃப்.எம். அலையை விமானத்திலிருந்து ஜாம் செய்யும், அதாவது குறுக்கே வேறு அலை அனுப்பிக் கேட்க முடியாமல் ஆக்கும் வசதி அமெரிக்காவிடம் இருந்தது. அங்கிருந்த ஐ.நா. படைத் தளபதி டாலேர் இந்த வானொலியை அடக்கச் சொல்லிக் கேட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் 1994 மே 5 தேதியிட்ட குறிப்பு ஒன்று இருக்கிறது: ஜாம் செய்வது பலன் தராது, செலவு அதிகம், விமானம் ஒரு மணி நேரம் பறக்க சுமார் 8,500 டாலர் ஆகும். சர்வதேசச் சட்டமும் பேச்சுச் சுதந்திரமும்கூடக் காரணமாகச் சொல்லப்பட்டன. கொலை தொடங்கி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஐ.நா. படைக்கென்று சொந்தமாக ஒரு வானொலி இருந்திருந்தால், பொய் என்று உடனுக்குடன் மறுக்கவாவது முடிந்திருக்கும். அதுவும் இல்லை.

கேள்வியாளர்: இளம்பரிதி

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று கேட்கலாமா? மைக்கில் பேசியவர்கள் தண்டிக்கப்பட்டது புரிகிறது. அறிவிப்பாளராக இல்லாத நஹிமானா மாதிரி ஆட்களை நீதிமன்றம் எப்படிப் பிடித்தது?

பதில்: வழக்கறிஞர் செல்வி

நல்ல கேள்வி, இந்த வழக்கில் சட்டத்தின் கனமே அங்கேதான் இருக்கிறது. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் 1946இல் பத்திரிகைக்காரர் ஸ்ட்ரைகருக்குத் தூக்கு, வானொலிக்காரர் ஃபிரிட்ஷேவுக்கு விடுதலை. அதற்குப் பிறகு ஊடகக்காரர்களை இப்படி விசாரித்த பெரிய வழக்கு இதுதான், தான்சானியாவின் அருஷாவில் ருவாண்டாவுக்காக ஐ.நா. அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நடந்தது. 2003 டிசம்பர் 3 தீர்ப்பில் நஹிமானாவுக்கு ஆயுள், இன்னொரு நிறுவனர் பரயக்விசாவுக்கு 35 ஆண்டு.

2007 நவம்பரில் மேல்முறையீட்டில் பல குற்றச்சாட்டுகள் விழுந்தன. ஏப்ரல் 6க்கு முந்தைய ஒலிபரப்புகளை நேரடித் தூண்டுதல் என்று ஏற்கவில்லை. நஹிமானாவின் தண்டனை 30 ஆண்டாகக் குறைந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அவரால் தப்ப முடியவில்லை. 1994 ஜூன் கடைசி வாக்கில் ஆர்.டி.எல்.எம். டாலேரையும் ஐ.நா. படையையும் தாக்கிப் பேசிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு அதிகாரிகள் நஹிமானாவிடம் முறையிட்டார்கள். அவர் சொன்னார், அந்தத் தாக்குதல் நின்றது. ஆக, சொன்னால் கேட்கும் நிலையில்தான் நிலையம் இருந்தது. டுட்ஸிகளைக் கொல்லச் சொன்ன பேச்சை நிறுத்த அவர் வாயே திறக்கவில்லை. தடுக்க அதிகாரம் இருந்தும் தடுக்கவில்லை என்று தண்டனை உறுதியானது.

மைக்கில் பேசியவர்களில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஜார்ஜ் ரூஜியு 2000இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 12 ஆண்டு பெற்றார். வலேரி பெமெரிகிக்கு ருவாண்டாவின் ககாச்சா என்ற ஊர் மக்கள் மன்றம் 2009இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. கபுகா 2020 மே மாதம்தான் பாரிஸ் அருகே பிடிபட்டார். மறதி நோயால் விசாரணையைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை என்று 2023இல் வழக்கு நின்றது. தப்பிப் பிழைத்தவர்கள் அவருக்கு ஒரு தீர்ப்பு வருவதைப் பார்க்க முடியாமலே போனது.