புதுப்பிப்பு: பாம்பாற்றுப் பாலத்துக்குப் பணம் எதுவரை வந்தது

கேரளத்து மறையூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் பாம்பாற்றின் குறுக்கே நடைபாலம் கட்டப் பணம் கேட்டு ஐப்பசியில் எழுதியிருந்தேன். இரண்டு பாக்கு மரங்களைக் கம்பியால் கட்டி, அதன்மேல்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். வெல்ல மூட்டையும் அதே வழிதான்.

சரி, இப்போதைய நிலவரம். கேட்டது 9 லட்சம், சேர்ந்தது 6 லட்சத்து 40 ஆயிரம். பஞ்சாயத்தும் சம்மதித்துவிட்டது.

இடம் பார்க்க வந்த பொறியாளர், வெள்ளம் எதுவரை ஏறும் என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் தெருப் பாட்டி பாறையில் ஏறி, தன் நெஞ்சுயரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்தார். "பெரிய வெள்ளத்தப்போ இதுவரைக்கும் வந்துச்சு சாமி." அந்தக் கோட்டுக்கு மேல் 2 மீட்டர் விட்டுத்தான் பலகை வரும். இரும்புக் கயிற்றுத் தொங்குபாலம். கர்நாடகத்து சுள்ளியாவின் கிரீஷ் பரத்வாஜ் 1989 முதல் கிராமங்களுக்கு இப்படி 100க்கும் மேல் கட்டியிருக்கிறார், 2017இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆற்றுக்குள் தூண் வேண்டாம் என்பதால் எங்களுக்கும் இதுவே சரி.

அப்புறம், கயிற்றில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டோம். தண்ணீர் வற்றியிருக்கும் மாசிக்குள் இரு கரையிலும் குழி தோண்ட வேண்டும். மீதிப் பணத்துக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.