காமுலான் திருவிழாவுக்கு மகளை அனுப்பலாமா?

குடியாத்தம் அப்பா: பிலிப்பைன்ஸ் தாவோவில் மருத்துவம் படிக்கும் என் மகள், தோழிகளோடு புகிட்நோன் மாகாணத்துக் காமுலான் விழாவுக்குப் போகட்டுமா என்கிறாள். அங்கே என்ன விசேஷம்?

காட்பாடிக்காரர்: தாராளமாக அனுப்புங்க சார். பையனைப் பார்க்கப் போனபோது நானும் விழா நடக்கும் மலாய்பலாய் நகருக்குப் போய்ப் பார்த்தேன். தலாண்டிக், மனோபோ, ஹிகாவோனோன் என்று மாகாணத்தின் 7 பழங்குடிகளும் தெருவில் ஆடி வருவார்கள். சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டுப்போட்டுத் தைத்த உடை, கழுத்து நிறையப் பாசிமணி. கண்ணை எடுக்க முடியாது. உங்க ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு இடம் பிடிப்பது போல விடியலிலேயே போய் நிற்கச் சொல்லுங்க.

ஆம்பூர் அக்கா: தாவோவிலிருந்து மலைப்பாதை பஸ், அண்ணா. குளிரும். ஸ்வெட்டர் அவசியம். வாந்தி மாத்திரையும்.

குடியாத்தம் அப்பா: சரி, போகச் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி.