டெக்சாஸில் கூட்டாகப் பன்றி வேட்டை: கொழும்பிலிருந்து போகிறவர் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வெள்ளவத்தைப் பொடியன்:
வணக்கம். ஒக்டோபரில் ஹூஸ்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகனிடம் போகிறேன். அண்ணாவின் நண்பருக்கு அங்கே பெரிய காணி இருக்கிறது. காட்டுப்பன்றிகள் புல்வெளியையும் சோளத்தையும் கிண்டி நாசமாக்குகின்றனவாம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேட்டைக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். "தனியார் காணி, பன்றிக்கு லைசன்ஸ் தேவையில்லை, நீ வா" என்கிறார் அண்ணா. நான் போவது சுற்றுலா விசாவில். துவக்கைத் தொட்டதே இல்லை. அவர் சொல்வது சரியா? இங்கிருந்தே என்ன ஆயத்தம் செய்யலாம்?

கொட்டாஞ்சேனை:
அண்ணா சொன்னது சரிதான். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தனியார் காணியில் காட்டுப்பன்றி சுட லைசன்ஸ் வேண்டாம், காணிக்காரரின் சம்மதம் போதும். இரவிலும் சுடலாம். நல்ல சப்பாத்து ஒன்று வாங்குங்கள்.

தெஹிவளை மாமா:
தம்பி, அது டெக்சாஸ்காரருக்குச் சரி, உங்களுக்குப் பாதிதான் சரி. நான் அந்தப் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு வந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பன்றியைச் சுடுவது மாநிலச் சட்டம். துவக்கைப் பிடிப்பது மத்திய அரசின் சட்டம். சுற்றுலா விசாவில் வந்தவர் துவக்கையோ ரவையையோ கையில் வைத்திருப்பதே அங்கே குற்றம். அண்ணாவின் துவக்கை ஐந்து நிமிடம் வாங்கிப் பார்த்தாலும் அதேதான். இதற்குள்ள விதிவிலக்குகளில் உங்களுக்குச் சுலபமானது, அமெரிக்காவில் எடுத்த வேட்டை லைசன்ஸ். ஆகவே பன்றிக்குத் தேவையில்லாத அந்த லைசன்ஸை நீங்கள் துவக்குக்காக எடுத்தே ஆகவேண்டும். வெளியாட்களுக்கு ஐந்து நாள் லைசன்ஸ் இருக்கிறது, நான் அறிந்த விலை 48 டொலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் தேவை. 10 டொலர் கட்டி அதை ஒருமுறை தள்ளிப்போடலாம். தள்ளிப்போடாதீர்கள். துவக்கையே தொடாத ஒருவருக்கு அந்தப் பாடம்தான் முதல் ஆயத்தம். பாடத்தை இணையத்தில் இங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம். அங்கே போனதும் வேட்டைக்கு முன் ஒரு நாள் சுடும் பயிற்சி இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அண்ணாவிடம் கேளுங்கள், அதற்கும் லைசன்ஸ் கையில் இருக்கட்டும்.

ஊரில் துவக்கு லைசன்ஸுக்கு அலைபவர்களைப் பார்த்த நமக்கு அங்கே எல்லாம் தளர்வாகத் தெரியும். காணி எல்லை விஷயத்தில் துளியும் தளர்வில்லை. மரத்திலோ வேலிக் கட்டையிலோ ஊதா நிறப் பெயின்ட் பட்டை கண்டால் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று பொருள், பலகை எதுவும் இருக்காது. உங்கள் ரவை எல்லை தாண்டிப் போனாலே குற்றம். காயப்பட்ட பன்றி வேலிக்கு அப்பால் ஓடினால், அந்தக் காணிக்காரரைக் கேட்காமல் பின்னால் போகாதீர்கள்.

இனி முக்கியமானது. கூட்டு வேட்டையில் எனக்குப் பயம் பன்றியில் இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆளில்தான். கிளம்பு முன் ஒருவர் தலைவராக நின்று, யார் எங்கே இருப்பது, யார் எந்தத் திசையில் மட்டும் சுடலாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். வரிசையாக நடந்தால் உங்களுக்கு நேர் முன்னால் சுமார் 45 பாகைதான் உங்கள் பங்கு. பன்றி குறுக்கே ஓடினால் துவக்கைச் சுழற்றிக்கொண்டு போகாதீர்கள், விட்டுவிடுங்கள். கூப்பிடும் வரை உங்கள் இடத்தை விட்டு எழும்பவே கூடாது. பற்றை அசைந்தது என்று வெடி வைக்கக் கூடாது. முழுப் பன்றியும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். தனியார் காணியில் கட்டாயமில்லை என்றாலும் பகலில் செம்மஞ்சள் தொப்பி போடுங்கள். குடிப்பதெல்லாம் துவக்குகளைப் பூட்டி வைத்த பிறகு. இதையெல்லாம் யாரும் சொல்லாமலே கிளம்பினால், நீங்கள் கேளுங்கள். சிரித்தால் அன்றைக்கு வாகனத்திலேயே இருந்துவிடுங்கள், உங்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பன்றிக்குக் கண் மட்டு, மூக்கு மகா கூர்மை. காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் காத்திருந்து பயனில்லை. இதயம் மானைவிடக் கீழே, முன்காலோடு ஒட்டி இருக்கும். பெரிய ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த கவசம்போல் தோல் இருப்பதால் முதல் முறை போகிறவர் சிறிய பன்றியையே பாருங்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:
மிக்க நன்றி மாமா. லைசன்ஸ் விஷயத்தை இப்போதே அண்ணாவுக்கு அனுப்புகிறேன். இறைச்சி சமைக்கலாமா? கொஞ்சம் கொண்டுவரலாமா?

தெஹிவளை மாமா:
கொண்டுவரும் யோசனையே வேண்டாம். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024இல் நம் நாட்டில் வந்து பண்ணைகள் பட்ட பாடு தெரியும்தானே. அமெரிக்காவில் அந்த நோய் இல்லை என்றாலும் பன்றி இறைச்சியைப் பெட்டியில் கட்டி நாடு விட்டு நாடு கொண்டுபோகும் பழக்கமே கூடாது.

அங்கே சமைத்துச் சாப்பிடலாம், ஆனால் உரிக்கும்போது கையுறை கட்டாயம். அந்தப் பன்றிகளில் புரூசெல்லா கிருமி இருக்கிறது, கையில் ஒரு கீறல் இருந்தாலும் இரத்தம் வழியாக ஏறும், மாதக்கணக்கில் காய்ச்சல் வரும். திரும்பி வந்த பின் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் பன்றி உரித்ததை முதலில் சொல்லுங்கள், இங்கே டெங்கு என்றுதான் உடனே நினைப்பார்கள். கொழுப்பு நீலமாக இருந்தால் அப்படியே எறிந்துவிடுங்கள், அது நஞ்சு இரை தின்ற பன்றி. ஒக்டோபரிலும் அங்கே வெயில் இருக்கும், ஐஸ் பெட்டி தயாராக இல்லாமல் வெடி வைக்க வேண்டாம். உள்ளே 71 பாகை செல்சியஸ் வரும் வரை வேகட்டும். நம் கறி முறையில் நன்றாக அவிய விட்டால் அது தானாக வரும், வாட்டுவதென்றால் வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை:
பயணக் காப்புறுதியில் வேட்டையை விலக்கியிருக்கிறார்களா என்றும் வாங்கு முன் பாருங்கள் தம்பி. சப்பாத்தை இப்போதே வாங்கிக் காலிமுகத்திடலில் தினமும் நடந்து பழகுங்கள்.